ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை, நம் எதிர்பார்ப்பு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் அல்ல. பெரம்பூரில் வசிக்கும் ஓர் அப்பா. என் மகனுக்கு இப்போது 17 வயது. அவனுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது 8 வயதில் தெரிந்தது. கவனம் நிற்காமல் நழுவுவது, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு, அவசரம் என்று வெளிப்படும் மூளை வளர்ச்சிக் குறைபாடு அது. இந்த ஒன்பது ஆண்டுகளில் தெரபி மையத்தின் பெஞ்சிலும் பள்ளி வாசலிலும் அலுவலகத்திலும் மற்ற பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு அன்று தவறாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இங்கே இருப்பவை பின்னால் பட்டுத் தெரிந்துகொண்டு திருத்திய பதில்கள்.

சின்னப் பிள்ளை என்றால் சேட்டை செய்யத்தானே செய்யும்? இதற்கெல்லாம் ஒரு பெயர் வைக்க வேண்டுமா?

சேட்டை எல்லாக் குழந்தைகளிடமும் உண்டு. அது எவ்வளவு, எங்கெல்லாம் வருகிறது, எத்தனை நாளாக இருக்கிறது என்பதைத்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். கவனச் சிதறலுக்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் 9 அறிகுறிகள் என்று இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது 6 பொருந்த வேண்டும். அவை 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அதனால் பிள்ளையின் படிப்போ பழக்கமோ உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். கண், காது, தூக்கம், வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் நல்ல மருத்துவர் முடிவு சொல்வார்.

ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே "ஸ்கேன்ல எல்லாம் நார்மல்" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். உலக அளவில் குழந்தைகளில் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. 40 பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஓடியாடுவதே இல்லை. சும்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் இருக்குமா?

இருக்கலாம். துறுதுறுப்பே இல்லாமல் கவனம் மட்டும் நழுவும் வகை ஒன்று உண்டு. அது யாருக்கும் தொந்தரவு தராது என்பதால் பெண் குழந்தைகளுக்குப் பல நேரம் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகிறது. "நல்ல பொண்ணுதான், கொஞ்சம் சோம்பேறி" என்று பள்ளி டைரியில் ஒவ்வோர் ஆண்டும் எழுதி வந்தால் ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

போனைக் கொடுத்தால் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருகிறானே? அப்புறம் எப்படிக் கவனம் இல்லை என்கிறீர்கள்?

அவனிடம் கவனம் இருக்கிறது. அதை வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் அவனுக்குக் கஷ்டம். விளையாட்டுச் செயலியில் நொடிக்கு நொடி ஏதாவது புதிதாக வரும், உடனே பரிசும் கிடைக்கும். அங்கே கவனம் தானாக ஒட்டிக்கொள்கிறது. வாய்ப்பாட்டில் அப்படி எதுவும் இல்லை. மனதை இழுத்துப் பிடித்து உட்கார வைக்கும் வேலையைச் செய்யும் மூளைப் பகுதி அவனுக்கு மெதுவாக வளர்கிறது. "வேணும்னே பண்றான்" என்று நானும் நான்கு வருடம் நம்பினேன்.

நாங்கள் வளர்த்த விதத்தில்தான் தவறா?

இல்லை. ஏ.டி.எச்.டி.யில் பெரும் பங்கு மரபணுவுடையது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அந்தப் பங்கை 70 முதல் 80 சதவீதம் என்று கணக்கிடுகின்றன. இனிப்பு சாப்பிட்டதால் வந்தது என்பதை 1990-களிலேயே சோதித்துப் பார்த்து இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். நம் வளர்ப்பு அதை உண்டாக்குவதில்லை. ஆனால் பிள்ளை அதோடு எப்படி வாழப் பழகுகிறது என்பது நம் கையில் நிறையவே இருக்கிறது.

எங்கள் வீட்டில் "நீ செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே" என்று என் மனைவியைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அப்போது நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அப்பாக்கள் யாராவது இதைப் படித்தால், அந்த இடத்தில் தயவுசெய்து பேசுங்கள்.

மாத்திரை கொடுக்கலாமா? பழகிவிடாதா?

கொடுப்பதா வேண்டாமா என்பதை மனநல மருத்துவரோ குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மருத்துவரோதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 6 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோருக்குத் தரும் நடத்தைப் பயிற்சிதான் முதலில். அதற்கு மேல், தேவைப்பட்டால் மருந்தும் சேரும். அதிகம் பயன்படுவது மெத்தில்ஃபெனிடேட். 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து அது. மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ளும் பிள்ளை அதற்கு அடிமையாவதில்லை. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால்தான் அவ்வப்போது எடை, உயரம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கிறார்கள். என் மகன் மதியச் சாப்பாட்டை அப்படியே கொண்டுவருவான். காலையில் மாத்திரைக்கு முன் நன்றாக இட்லி, முட்டை, இரவில் பசி திரும்பியதும் இன்னொரு சாப்பாடு என்று என் மனைவி நேரத்தையே மாற்றி அமைத்தாள். அடோமாக்செடின் என்று வேறு வகை மருந்தும் இருக்கிறது. அது முழுமையாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் பலன் இல்லை என்று நிறுத்தக் கூடாது.

மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. ஆகவே எல்லா மெடிக்கலிலும் வைத்திருக்க மாட்டார்கள். சீட்டைக் காட்டியதும் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பதும் நடக்கும். கூச்சப்பட வேண்டாம். எந்தக் கடையில் கிடைக்கும் என்று மருத்துவரிடமே கேட்டு, தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. மாத்திரை மார்க் வாங்கித் தராது. அது பிள்ளையை உட்கார வைக்கும், அவ்வளவுதான். உட்கார்ந்த பிறகு நடக்க வேண்டியதை நாம்தான் சேர்ந்து கற்றுக்கொடுக்க வேண்டும்.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஏமாற்றமாகவே இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பார்த்து அப்படி நினைப்பது பாவமா?

இதைப் பலரும் கடைசியாக, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பாவம் இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். நான் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தேன். எங்கள் தெருவில் அங்கே போன முதல் ஆள் நான். அடுத்த படி என் மகன் ஐ.ஐ.டி. என்று, அவன் பிறந்த வாரமே மனதுக்குள் முடிவாகிவிட்டது. கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் பைக்கில் கூட்டிப்போகும்போதெல்லாம் சர்தார் படேல் சாலையில் ஐ.ஐ.டி. வாசலருகே வேகத்தைக் குறைத்து, "அங்கதாண்டா நீ படிக்கப் போறே" என்று கை காட்டுவேன். அவனுக்கு 9 வயது இருக்கும்போது ஒரு நாள், பின்னாலிருந்து கேட்டான்: "அங்க நான் படிக்கலைன்னா நீ என்னப்பா செய்வே?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஹாரன் சத்தத்தில் கேட்காதது போல ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவன் கேட்டது கல்லூரியைப் பற்றி அல்ல, அங்கே போகாவிட்டாலும் அப்பா தன்னை வைத்துக்கொள்வாரா என்று. ஒன்பது வயதுப் பிள்ளை அந்தச் சந்தேகத்தோடு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறான்.

அந்த ஐ.ஐ.டி. ஆசை முழுக்க முழுக்க என்னுடையது. அதைச் சுமப்பதாக அவன் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. அது போனதற்கு நான் துக்கப்பட்டே ஆக வேண்டியிருந்தது. பட்டேன். மனைவியிடம் பேசினேன், ஒரு ஆலோசகரிடம் சில மாதம் போனேன். யாருமில்லாத நேரத்தில் அழுதும் இருக்கிறேன். உங்களுக்கும் அழுகை வந்தால் அழுங்கள். பிள்ளையின் காதில் விழாத இடத்தில் அழுங்கள். "உன்னால எவ்வளவு கஷ்டம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. இந்தப் பிள்ளைகள் புத்தகப்பையை மறப்பார்கள், தண்ணீர் பாட்டிலை மறப்பார்கள், அதை மட்டும் மறப்பதில்லை.

அவன் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதே சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்தி, "நீ எங்க படிச்சாலும் உன்னைக் கூட்டிட்டுப் போறதும் கூட்டிட்டு வர்றதும் நான்தான்" என்றேன். "சரிப்பா, பசிக்குது" என்றான்.

அப்படியானால் எதிர்பார்ப்பையே விட்டுவிட வேண்டுமா?

கூடாது. எதிர்பார்ப்பே இல்லாத வீட்டில் "என்னால் எதுவும் ஆகாது" என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். நான் மாற்றிக்கொண்டவை இரண்டு: ஒன்று கடிகாரம், இன்னொன்று அளவுகோல்.

முதலில் கடிகாரம். அமெரிக்காவில் 2007-ல் மூளைப் படங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளின் மூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு) மற்றக் குழந்தைகளுடையதைப் போலவே அதே வரிசையில்தான் வளர்கிறது, ஆனால் சராசரியாக மூன்று ஆண்டு பிந்தி வளர்கிறது என்று தெரிந்தது. இதைக் கேட்டபோது என் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போல இருந்தது. 10 வயதில் தானாகப் பையை அடுக்க வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்கு அவன் வயது 7. ஏழு வயதுப் பிள்ளைக்கு யாராவது கூட உட்கார்ந்து பை அடுக்குவார்கள், இல்லையா? அதைத்தான் அவனுக்கும் செய்தேன். கணக்கையும் அறிவியலையும் பொறுத்தவரை அவனுக்கு அவன் வயதுதான். பை, நேரம், கோபம், பொறுமை ஆகியவற்றுக்கு மட்டும் மூன்று வயதைக் கழித்துக்கொண்டேன். இது மருத்துவக் கணக்கு அல்ல, நானாக வைத்துக்கொண்ட கைக்கணக்கு. ஆனால் என் கோபம் பாதியாகக் குறைந்தது.

அடுத்து அளவுகோல். "எத்தனை மார்க்?" என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே கேள்வியாக இருந்தது. அந்த இடத்தில் இப்படிச் சின்னச் சின்னக் கேள்விகளை வைத்தோம்: ஹோம்வொர்க் என்ன என்று அவனே எழுதிக்கொண்டு வந்தானா? 15 நிமிடம் உட்கார்ந்தானா? கோபம் வந்தபோது அடிக்காமல் எழுந்து பால்கனிக்குப் போனானா? செய்தால் அந்த நிமிடமே பாராட்ட வேண்டும். மாதக் கடைசியில் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்பது இவர்களுக்கு அடுத்த ஜென்மம் போல.

வீட்டில் பலித்த சில விஷயங்கள். சமையலறையிலிருந்து கத்தாமல் கிட்டப் போய்த் தோளைத் தொட்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொன்னோம். காலை வேலைகளைப் படமாக வரைந்து கதவில் ஒட்டினோம். பை அடுக்குவது முந்தைய இரவே முடிந்துவிடும். அவன் படிக்கும்போது நானும் பக்கத்தில் என் வேலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எதுவும் பேசாமல். அஞ்சாம் வகுப்பில் ஒரே வருடத்தில் 11 தண்ணீர் பாட்டில் தொலைத்தான். பன்னிரண்டாவதை வாங்கும்போது திட்டுவதை நிறுத்திவிட்டு, விலை குறைந்ததாக மூன்று சேர்த்து வாங்கினோம்.

இரண்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமனார்.

சரியாகாது. பயத்தில் அந்த நிமிடம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். கூடவே பொய் சொல்லவும் பழகிவிடும். பள்ளியில் யாராவது அடித்தால், 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பள்ளியில் சொல்லலாமா? டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால்?

இந்தப் பயம் நியாயமானது. முதல் பள்ளி எங்களை நேரடியாகப் போகச் சொல்லவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் போன் செய்து "வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். கடைசியில் நாங்களாகவே எடுத்துவிட்டோம். இரண்டாவது பள்ளியில் சேர்க்கும்போதே சொல்லிவிட்டோம். மருத்துவர் கடிதத்தோடு, ஒரே பக்கத்தில் "இவனுக்கு என்ன செய்தால் உதவும்" என்றும் எழுதிக் கொடுத்தோம்: முன் வரிசை, ஜன்னலிலிருந்து தள்ளி; நடுவில் ஒரு தடவை எழுந்து போய் சாக்பீஸ் எடுத்து வரும் வேலை; நீளமான வீட்டுப்பாடம் என்றால் பாதி. வகுப்பாசிரியர் அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு மனுஷி கிடைத்ததால்தான் அவன் ஆறாவதும் ஏழாவதும் தாண்டினான். பெரிய பெயர் உள்ள பள்ளியைத் தேடாதீர்கள், கேட்டுக்கொள்ளும் ஆசிரியர் இருக்கும் பள்ளியைத் தேடுங்கள்.

பொதுத்தேர்வில் சலுகை உண்டா?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஏ.டி.எச்.டி. அதில் தனியாக இல்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் பலருக்கு வாசிப்பதிலோ எழுதுவதிலோ கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருப்பதால், அதற்கும் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. சான்றிதழ் இருந்தால் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். பத்தாவதில் ஓடினால் தாமதமாகிவிடும்.

பத்தாவதில் மார்க் வராவிட்டால்?

என் மகன் 500-க்கு 287. ரிசல்ட் அன்று அபார்ட்மென்ட் லிஃப்டில் கேட்டவர்களிடமெல்லாம் அந்த எண்ணை நான் சத்தமாகவே சொன்னேன், அவன் பக்கத்தில் நின்றதால்.

நம் ஊரில் பிளஸ் டூ, 200-க்கு இத்தனை கட்-ஆஃப், பொறியியல் என்ற ஒரே பாதைதான் கண்ணுக்குத் தெரிகிறது. வேறு பாதைகளும் அரசு வாசலிலேயே இருக்கின்றன. பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ சேரலாம். அங்கே செய்முறை அதிகம், விரும்பினால் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ. இருக்கிறது. பள்ளியே தாங்க முடியாத பிள்ளைகளுக்கு என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றிரண்டாகப் பிரித்து எழுதலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள். ஒரே மாதத்தில் எல்லாத் தேர்வையும் தாங்க முடியாத பிள்ளைக்கு இது பெரிய மூச்சு. ஆனால் வீட்டில் உட்கார்ந்து தானாகப் படிக்க வேண்டும் என்பதால் கூட ஒருவர் இல்லாமல் சேர்க்காதீர்கள்.

ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள்தான் பெரிய ஆளாக வருவார்களாமே? நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ்கூட?

ஃபெல்ப்ஸுக்கு 9 வயதில் ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்டது உண்மை. ஒலிம்பிக்கில் 23 தங்கம் உட்பட 28 பதக்கம் வாங்கியதும் உண்மை. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸும் தனக்கு இருப்பதைச் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டுத்தான் நான் மகனை நீச்சலில் சேர்த்தேன். மூன்றாவது மாதமே நேரத்தைக் குறித்து வைக்க ஆரம்பித்துவிட்டேன். ஐ.ஐ.டி. போய் ஒலிம்பிக் வந்திருந்தது. என் மனைவிதான் அதைக் கண்டுபிடித்து அந்த நோட்டை எடுத்துக் கிழித்தாள். நீச்சல் அவனுக்குத் தூக்கத்தைத் தந்தது, சாயங்காலக் கோபத்தைக் குறைத்தது. அதுவே போதும். உங்கள் பிள்ளைக்குப் பிடித்த ஒன்றை, பதக்கம் கேட்காமல் விட்டுவையுங்கள்.

தாத்தா, பாட்டிக்கு எப்படிப் புரிய வைப்பது?

விளக்கிச் சொல்லி எனக்குப் பலிக்கவில்லை. "உனக்கும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று என் அப்பா முடித்துவிடுவார். அப்புறம்தான் அவர் தன் பழைய கருவிப் பெட்டியை எடுத்து, பேரனோடு உட்கார்ந்து டேபிள் ஃபேனைப் பிரிக்க ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் அவன் எழுந்திருக்கவில்லை. ஏ.டி.எச்.டி. என்ற பெயர் அவருக்கு இன்றும் வாயில் நுழையாது. ஆனால் அவன் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் நிற்பான் என்பதை அவர்தான் முதலில் பார்த்தார்.

உங்கள் அப்பா சொன்னது போல, எனக்கும் இருக்குமோ என்று தோன்றுகிறது.

இருக்கலாம். பலருக்குப் பெரியவர்களான பிறகும் தொடர்கிறது. பிள்ளையைக் காட்டும் இடத்திலேயே கேளுங்கள். நானும் கேட்டேன்.

சென்னையில் எங்கே போவது? தனியார் தெரபிக்குப் பணம் கட்ட முடியவில்லை.

எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போகலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாம். அந்த ஊர்ப் பெயரையே இந்த நகரத்தில் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அதற்காகத் தயங்கிப் பிள்ளையின் ஓராண்டை இழக்க வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கிறது. கற்றல் குறைபாடும் சேர்ந்திருந்தால் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கத்தை அணுகலாம். மனம் உடைந்து யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். அந்த எண் பிள்ளைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

உங்கள் மகன் இப்போது என்ன செய்கிறான்?

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு. கணக்கில் ஒரு அரியர் இருக்கிறது. லேத் அறையில் அவனைத் தேடி மற்றவர்கள் வருகிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். போன மாதம் ஐ.டி. கார்டைத் தொலைத்துவிட்டான். அவனே விண்ணப்பம் எழுதி, பணம் கட்டி, இரண்டு தடவை அலைந்து புதுக் கார்டு வாங்கிக்கொண்டான். எனக்கு அது தெரிந்ததே, சட்டைப்பையில் இருந்த ரசீதைத் துவைக்கும்போது என் மனைவி எடுத்துக் காட்டிய பிறகுதான்.